அவள் அரைக்காத மாவு

அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியெல்லாம் எவாஞ்செலிட்டா அக்கா என் வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"டேய் சிப்ரியானோ, திரும்பி வர்றப்பவும் இந்தக் குலுக்கு குலுக்கினா, அவ எலும்போட என் எலும்பையும் சேர்த்துப் பொறுக்கணும்."

"அப்ப நீ பின்னாடி உக்காந்துக்கோ. அவ என் பக்கத்துல வரட்டும்."

அக்கா சிரித்தாள். மூன்று நாள் முட்டிபோட்டு அம்மியில் நீலச் சோளம் அரைத்ததில் அவள் முழங்கால்கள் வீங்கியிருந்தன. அவளைப் புதைக்கும்போது தூவக் கடை மாவு கூடாது என்றுவிட்டாள்.

எங்கள் பழங்குடி ஊரான புவெப்லோவுக்கு மேலே இடிந்து கிடக்கும் பழைய ஊரில், தொண்ணூறு வருடத்துக்கு முன் ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டி எடுத்துப்போன ஒரு பெண்ணை அன்று திருப்பித் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. இறந்தவரை இரண்டாம் முறை புதைக்க எங்களிடம் பிரார்த்தனை கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று முன்னோர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, மண்ணை ஒரு தடவை திறக்கலாம், மூடியபின் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஹால்வர்சன் என்ற ஆராய்ச்சியாளர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். மரியாதையான மனிதர்தான்.

"அவங்க செத்து எழுநூறு வருஷம் இருக்கும். வயசு அம்பது. பல்லுல கோடு கோடா இருக்கு, சின்ன வயசுல பசியில கிடந்திருக்காங்க. பத்து வயசு வாக்குல இடது தொடை முறிஞ்சு கோணலா கூடியிருக்கு. அந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் முட்டிபோட்டு அரைச்சு அரைச்சு கால்விரல் எலும்பு தேஞ்சிருக்கும். இவங்களுக்குத் தேயவே இல்ல."

"அரைக்கலையா?" என்றாள் அக்கா.

"முட்டிபோட முடிஞ்சிருக்காதும்மா. ஆனா பல்லு மத்தவங்களுக்கு மாதிரியே தேஞ்சிருக்கு. அம்மியிலேர்ந்து மாவுல விழுற கல்தூள்தான் காரணம். அதே மாவைத்தான் இவங்களும் தின்னிருக்காங்க. நாப்பது வருஷம்."

அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். மழை பொய்த்த ஊரில், வேலைக்கு ஆகாத ஒருத்திக்கு யாரோ நாற்பது வருடம் அரைத்துப் போட்டிருக்கிறார்கள். படைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பெட்டியைத் திறந்தார்கள். இடது தொடை எலும்பு இல்லை.

"ரொம்ப வருஷம் முந்தி யாரோ படிக்கிறதுக்கு எடுத்திருக்காங்க. எங்க வெச்சாங்கன்னு தெரியல. ரெண்டு வருஷம் பொறுத்தீங்கன்னா தேடிக் குடுத்துடுவோம். போட்டோ நல்லா இருக்கு, அளவெல்லாம் எடுத்து வெச்சிருக்கோம்."

"போட்டோவ ஊனியா அவ நடப்பா?" என்றேன். "உங்க அம்மாவ இப்படி அடக்கம் பண்ணுவீங்களா?"

அவர் முகம் சிவந்தது.

அக்கா என்னை வெளியே இழுத்துப்போனாள்.

"விட்டுட்டுப் போயிடலாம்க்கா. மண்ணை ஒரு தடவைதான் திறக்க முடியும். முழுசா வரட்டும்."

"மறுபடி அலமாரியிலயா? அந்தக் கால் உதவாமத்தான்டா அவ நாப்பது வருஷம் இருந்தா. எங்க போனாலும் யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. நாமளும் தூக்கிட்டுப் போவோம்."

மறுநாள் காலை அவளைப் புதைத்தோம். அக்கா அரைத்த மாவைத் தூவி மண்ணை மூடினோம்.

பதினோரு மாதம் கழித்து ஹால்வர்சன் தொலைபேசியில் கூப்பிட்டார். எலும்பு கிடைத்துவிட்டதாம். அவள் பெட்டி இருந்த அதே அலமாரியில், தரையோடு இருந்த கடைசி இழுப்பறையில். பேர்ச்சீட்டு உதிர்ந்துபோயிருந்ததாம்.

"தொண்ணூறு வருஷத்துல ஒருத்தரும் குனியலையா?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

நான்கு மணிநேரம் வண்டி ஓட்டி அவரே கொண்டுவந்தார், பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு. அக்கா அவரை உட்காரவைத்து மிளகாய்க் குழம்பும் ரொட்டியும் போட்டாள். "சாப்பிடுங்க, ஆறிடும்." நான் அந்த மேசையில் உட்காரவில்லை. என்னால் முடியவில்லை.

மூடிய மண்ணைத் திறக்கக்கூடாது. நான்கு காலடி தள்ளிச் சின்னக் குழி தோண்டி எலும்பை வைத்தோம். அந்தக் குழியிலிருந்து அவள் வரை அக்கா மாவால் ஒரு பாதை போட்டாள். மத்தியானக் காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்த வாரம் மறுபடி போட்டாள். அதற்கடுத்த வாரமும்.

இந்த வசந்தத்தில் அக்காவின் முழங்கால்கள் மடங்க மறுத்துவிட்டன. இப்போது, பெண்கள் மட்டுமே அரைக்கும் ஊரில், நான் அரைக்கிறேன். "என்ன சிப்ரியானோ, எப்ப கல்யாணம்? மாப்பிள்ளை யாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு நைசாக அரைக்க வரவில்லை. கல்தூள் விழத்தான் செய்கிறது.