அலுமாரிக்குள் இருந்த மூச்சு

படுத்திருந்தால் சிவகரன் ஒரே மூச்சில் பத்தொன்பது வரை எண்ணிவிடுவார். சக்கர நாற்காலியில் நிமிர்த்தி இருத்தினால் எட்டோடு மூச்சு முடிந்துவிடும். மற்றவர்களுக்கு எழுந்து இருந்தால்தானே மூச்சு லேசாகும்? இவருக்கு மட்டும் ஏன் நேர்மாறாக நடக்கிறது? அவர் மனைவி கஜந்தினி ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைக் கலண்டரில் குறித்து வந்தாள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தை ஏலம் கூறுவது சிவகரனின் தொழில். "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று அவர் கூறினால் றோட்டுக்கு அப்பாலும் கேட்கும். மாமரத்தால் விழுந்து கழுத்து முள்ளந்தண்டு அடிபட்டு எட்டு மாதமாகிறது. செயற்கைச் சுவாச இயந்திரத்திலிருந்து மீண்டார்; கைகளும் ஓரளவு அசைந்தன. ஆனால் நாற்காலியில் இருந்தபடி "ரெண்டுதர"த்தைத் தாண்ட முடியவில்லை. சந்தையில் அவருடைய இடத்தைத் தைப்பொங்கல் வரைதான் வைத்திருப்பார்கள்.

உரும்பிராயிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் பின்னேரங்களில் சிவகரனின் தாய்மாமன் தம்பிஐயா வருவார்.

"பிள்ளை, உவனை ஏன் இருத்தி வதைக்கிறாய்? படுக்கட்டும் விடு. இனி உவன் கூறி ஆர் வாங்கப்போறது?"

"மாமா, நான் இன்னும்... சாகேல்லை. பக்கத்திலைதான்... இருக்கிறன்."

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டியொன்று கொடுத்திருந்தார்கள். "மூச்சு முட்டுற மனிசனுக்கு வயித்தையும் இறுக்குறதோ?" என்று முதல் நாளே அதை அவிழ்க்கச் செய்தவர் இந்த மாமாதான். பார்க்க வந்த சனமும் ஓம் என்றது. பட்டி அலுமாரிக்குள் போனது.

முருகன் கோயில் தேரன்று கஜந்தினி கணவனைக் கூட்டிப்போனாள். கோயிலுக்குப் போகும் ஒழுங்கை முழுக்கக் கல். அவர் சரிந்து விழாமலிருக்க, தோளில் கிடந்த சால்வையை எடுத்து வயிற்றோடு சேர்த்து நாற்காலியில் இறுக்கிக் கட்டினாள். தேர் அசைந்ததும் சிவகரன் "அரோகரா" என்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா எண்ணுங்கோ."

"சாமி வரேக்கையோ?"

"சாமி பொறுக்கும். எண்ணுங்கோ."

பதினாறு. கஜந்தினி சால்வைக் கட்டைப் பார்த்தாள்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூச்சுக்கும் தசைகளுக்கும் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர் நிவேதனா கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"பட்டியை அண்ணைக்குத் தந்தனாங்கள். நீங்கள் அலுமாரிக்கோ கட்டினனீங்கள்?"

பிறகு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து விளக்கினாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இப்படிக் கவிழ்ந்திருக்கிறது. அது கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வரும். சிவகரனின் வயிற்றுத் தசைகளுக்குப் பலமில்லை. அதனால் அவர் நிமிர்ந்து இருக்கும்போது குடல் முன்னால் சரிகிறது. கிண்ணமும் முன்கூட்டியே இறங்கித் தட்டையாகிவிடுகிறது. பிறகு இறங்க அதற்கு இடம் ஏது? படுத்தால் குடல் அதை மேலே தள்ளிக்கொடுக்கும். நிமிர்ந்து இருக்கும்போது அந்த வேலையைப் பட்டி செய்யும்.

அன்றிலிருந்து பட்டியும் மூச்சுப் பயிற்சியும் ஒருநாளும் தவறவில்லை. தை பிறக்க முன்னர், சந்தையில் வெங்காயக் குவியலுக்கு முன்னால் சிவகரனின் நாற்காலி நின்றது.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்."

பழையபடி றோட்டுக்கு அப்பால் கேட்கவில்லை. ஆனால் சந்தையின் கடைசி மூலையில் நின்ற தம்பிஐயாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் கிட்ட வந்து கஜந்தினியிடம் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, எனக்குப் பாவம் பாக்கத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்ச ஆக்களிட்டை விசாரிக்கத் தெரியேல்லை. என்ரை பாவம் உவனை இத்தினை மாசம் படுக்க வைச்சுப்போட்டுது."

வெங்காயம் வாங்க வந்த ஒருவர், தன் தம்பிக்கும் இதே நிலை என்றார். சிவகரன் நெஞ்சை நிமிர்த்தி, இடையில் நிற்காமல் சொன்னார்:

"முதல்லை ஆஸ்பத்திரியிலை கேளுங்கோ. அவை ஓமெண்டால், இருத்த முன்னம் வயித்தைக் கட்டுங்கோ. பட்டி விலா எலும்புக்குக் கீழை நிக்கவேணும். படுத்தாப்பிறகு அவிழுங்கோ."