யாரு கை?

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை வளர்மதி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் "யாரு கை?" என்று கேட்டது.

அவள் கை அப்படியே நின்றது. பெட்டிக்குள் அப்பா தங்கசாமி படுத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தாடை தொங்காமலிருக்கத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"எங் கை" என்றது உள்ளே ஒரு சிறுமியின் குரல்.

"எங் கையா? எங் கைன்னா நாந்தான திங்கணும்!"

லபக்கென்று ஒரு சத்தம். சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்த விளையாட்டு உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று வளர்மதி நினைத்திருந்தாள். அதில் ஒருவர் இதோ பெட்டிக்குள் கிடக்கிறார். சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவள்தான் முதல் உருண்டையை ஊட்டுவாள். அவர் லேசில் வாயைத் திறக்க மாட்டார். இடது கண்ணை மூடிக்கொண்டு, கீழ் உதட்டைப் பிதுக்கி, முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவார். பிறகு, "யாரு கை?" என்பார். அவள், "எங் கை" என்பாள். எங் கையென்று அவள் சொன்னால் அவள் கை. அதையே அவர் திருப்பிச் சொன்னால் அவர் கையாகிவிடும். அவ்வளவுதான் சூது. விரல் முட்டி வரைக்கும் வாய்க்குள் போய்விடும். அம்மாவுக்கு அப்பா இப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. தம்பி கலைச்செல்வனுக்கும் செய்ததில்லை. கேட்டால், "அது எம்மவ கைக்கு மட்டுந்தான்" என்பார்.

வளர்மதி எழுந்து உள்ளே போனாள். அழுகைச் சத்தத்தில் மிரண்டு போயிருந்த மகள் பிரவீணாவின் கையில் கணவன் திருமுருகன் தன் செல்போனைக் கொடுத்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான்.

"என்னாடி பாக்குற?"

"கரடிப் படம்மா."

போனில் ஒரு பெரிய வீட்டின் சாப்பாட்டு அறை. நிஜமான மேசை, நிஜமான தட்டு. ரெட்டை ஜடை போட்ட நிஜமான சிறுமி. எதிரே நாற்காலியில் வரைந்த கரடி ஒன்று கழுத்தில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தது. சிறுமி உருண்டையை நீட்டினாள். கரடி இடது கண்ணை மூடியது. கீழ் உதட்டைப் பிதுக்கியது. முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பியது.

ஓகோ, படத்தில் பார்த்ததைத்தான் நமக்குச் செய்தாரா என்று அவளுக்கு முதலில் சின்னக் கசப்பு தட்டியது. எல்லோர் வீட்டு அப்பாவும் சினிமாவில் பார்த்ததைத்தான் செய்கிறார்கள். ஆனால் சாப்பிட்டு முடித்த கரடி எழுந்து நடந்தது. வலது தோள் மேலே ஏறி, இடது தோள் இறங்கி, யாரோ கூப்பிட்டது போல் பாதியில் நின்று திரும்பியது. மூட்டை தூக்கித் தூக்கி ஒருக்களித்துப் போன அந்தத் தோளை வளர்மதிக்குத் தெரியும். அந்தத் தோளில்தான் அவள் ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போயிருக்கிறாள். கரடியின் குரல் யாருடையதோ. நடை அப்பாவுடையது.

அவள் போனைப் பிடுங்கினாள். பிரவீணா வீறிட்டாள்.

"குடும்மா புள்ளைகிட்ட. அட, இது தங்கசாமி படமாச்சே!"

வாசலில் ஒரு பெரியவர் மாலையோடு நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம், காக்கிச் சட்டை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க யாருங்க?"

"எம்பேரு ராசாங்கம். ஒப்பாகூட சிமிட்டி லாரியில ஓடுனவன். விசயம் கேள்விப்பட்டு ஒடனே பஸ் ஏறுனேன்." மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பந்தலில் வந்து உட்கார்ந்தார். வளர்மதி போனும் கையுமாகப் பின்னாலேயே போனாள்.

"தங்கசாமி படம்னீங்களே."

"ஆமா. இந்தக் கரடி அவந்தான். வூட்டுல சொல்லலியா?"

பக்கத்து நாற்காலிகள் இரண்டு மூன்று அவர் பக்கம் திரும்பின. சாவு வீட்டில் நல்ல கதை கிடைத்தால் யார்தான் விடுவார்கள். ராசாங்கத்துக்கும் உற்சாகமாகிவிட்டது.

"லாரி ஓட்டம் படுத்துப் போச்சு, மெட்ராசுக்குப் போனோம். சினிமாக் கம்பெனியில லைட்டு தூக்குற வேல. அங்க இந்தப் படம் எடுக்குறாங்க. கரடிய அப்புறமா வரைஞ்சி ஒட்டுவாங்களாம். அதுவரைக்கும் அந்த எடத்துல ஒரு குச்சி நட்டு, மேல பந்து சொருவி வச்சிருப்பாங்க. அதப் பாத்துப் பேசணும். சின்னப் புள்ளதான, குச்சியப் பாத்து எப்படிச் சிரிக்கும்? அழுவுது. காலையிலேர்ந்து அழுவுது. நம்ம ஆளு லைட்ட கீழ வச்சிட்டுப் போயி, குச்சிக்குப் பின்னாடி குந்திக்கிட்டு மூஞ்சிய இப்படி இப்படிப் பண்ணுனான் பாரு. புள்ள சிரிச்சிருச்சி. டைரக்டரு பாத்துட்டாரு. அன்னையிலேர்ந்து ஒடம்பு பூரா பச்சத் துணிய மாட்டி இவனையே கரடின்னுட்டாங்க. இவன் நடிப்பான், அப்புறம் இவன அழிச்சிட்டு மேல கரடிய வரைவாங்க. யாரு கைன்னு கேக்குறதெல்லாம் யாரும் எழுதிக் குடுக்கல. இவனே சொன்னது."

"அவரே சொன்னாரா?" என்றாள் வளர்மதி.

"அவனேதான். படம் ஓடல. டவுனு கொட்டாயிக்குக்கூட வரல. இப்பத்தான் போன்ல புள்ளைங்க பாக்குதுவோ."

"எப்பங்க இது?"

"பதினஞ்சு வருசம் ஆவுது. பொங்கல் முடிஞ்சி போனோம். மாசி மாசம் பூரா அங்கதான்."

மாசி. வளர்மதி வயதுக்கு வந்தது அந்த மாசியில்தான். முந்திரி பூத்திருந்த நேரம். அப்பா அப்போது ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றுகிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். "லீவு தர மாட்டேன்னு கான்ட்ராக்டர் ஆல கேட்டச் சாத்திட்டானாம்டி" என்றாள் அம்மா. தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் உட்கார்ந்து, தினம் கொடுத்த உளுத்தங்களியில் ஒரு உருண்டையைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் கீற்றை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் நீராட்டன்றும் பார்த்தாள். மாமன் சீர் வந்தது, மேளம் வந்தது, அப்பா வரவில்லை.

அந்தக் கான்ட்ராக்டரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் குடும்பம் விளங்காமல் போகவேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. பஸ் ரெட்டிபாளையத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆலைப் புகைக்கூண்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் திருமுருகனுக்கு அங்கே வேலை கூடி வந்தது. "பெத்த மவளப் பாக்க வுடாதவனுங்ககிட்ட நீங்க போவக் கூடாது" என்று ஒற்றைக் காலில் நின்று கெடுத்தாள். பாவம், அந்த மனுசன் இன்றுவரைக்கும் பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

ராசாங்கம் தேநீரை ஊதிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நடுவுல ஊருலேர்ந்து போன் வந்துச்சு, மவ வயசுக்கு வந்துட்டான்னு. பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். அந்தப் பாப்பா ஓடியாந்து காலக் கட்டிக்கிருச்சி. கரடி போனா நான் நடிக்க மாட்டேங்குது. டைரக்டரு என்னா பண்ணுவாரு, இவன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாரு."

"போவக் கூடாதுன்னுட்டாரா?"

"சேச்சே. போறதுன்னா போயிட்டு வாங்க தங்கசாமின்னுதான் சொன்னாரு. இவன் கொஞ்ச நேரம் புள்ளையப் பாத்தான். பையக் கீழ வச்சிட்டான்."

"அவராவா?"

"அவனாத்தான்." சொல்லிவிட்டுத்தான் ராசாங்கம் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே நசுக்கினார். "நீதான் அந்தப் புள்ளையா, தாயி?"

அவள் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"ஒன்னய நெனச்சிக்கிட்டுத்தாம்மா அம்புட்டும் செஞ்சான். எம்மவளுக்குச் செய்யிறாப்லயே இருக்கு ராசாங்கம்னு சொல்லுவான்."

மகளை நினைத்துக்கொண்டு ஊரான் மகளுக்குச் செய்தாராம். நினைப்பதற்கு மகள் என்ன செத்தா போய்விட்டாள்? ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் கீற்றுத் தடுப்புக்குள் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. வளர்மதிக்கு ஆத்திரமாக வந்தது. காலையிலிருந்து அழுத அழுகையெல்லாம் வீண் என்று தோன்றியது.

பங்குனியில்தான் அப்பா வந்தார். அவள் தடுப்பை விட்டு வெளியே வந்து நாளாகியிருந்தது. ஆனாலும் அம்மாவிடம் கேட்டுக் களி கிண்டச் செய்து, நல்லெண்ணெய் விட்டு உருட்டி நீட்டினாள். அப்பா கண்ணை மூடவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை. "பெரிய புள்ளயாயிட்ட. இன்னமும் என்னா வெளையாட்டு" என்று உருண்டையைக் கையில் வாங்கித் தின்றார். பெரிய மனுஷியானால் இதெல்லாம் நின்றுபோகும் என்று அவளும் நம்பினாள். இத்தனை வருடமும் தன் உடம்பின் மேல்தான் குறையென்று நினைத்திருந்தாள். இல்லை. அங்கேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

அம்மா குஞ்சம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வளர்மதி அவள் காதருகே குனிந்தாள்.

"நான் குந்தியிருந்தப்ப அப்பா ரெட்டிபாளையத்துலயாம்மா இருந்தாரு?"

அம்மா மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு பூவை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள். "யாரு சொன்னா?"

"ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"ஆல கேட்டச் சாத்திட்டான்னு போன்ல சொன்னப்ப நானும் நெசம்னுதான் நம்புனேன். வந்த அன்னிக்கித்தான் சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லணும்னாரு. நாந்தான் வேணாம்னேன்."

"ஏம்மா?"

"நாளைக்கி ஒன்னயப் பொண்ணு கேட்டு வாரவன், கரடி வேசம் கட்டுனவன் மவளான்னு கேக்க மாட்டான்? இப்ப என்னாத்துக்குடி அது? மனுசன் போயிச் சேந்துட்டாரு."

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு?"

சொன்னால் சிரிப்பார்கள். ஒரு சோற்று உருண்டைக்காகவா இவ்வளவு என்பார்கள்.

அந்த நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அத்தை வகையறா தலைவிரி கோலமாக உள்ளே வந்தார்கள். அம்மா அவர்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். "சிமிட்டித் தூசியத் தின்னு எங்களச் சீரா வளத்த ராசா... சீரு செய்ய வரப் போனா கேட்டச் சாத்தி வச்சானே ராசா..." என்று நீட்டி முழக்கினாள். குரல் உடைந்தது. அழுகை நிஜம்தான். பொய்யையும் சேர்த்தே அழுதாள். அத்தைமார் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். வளர்மதி அந்தக் கட்டிப்பிடிக்குள் தலையைக் கொடுக்காமல் தள்ளி நின்றாள். பந்தலில் ராசாங்கம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

நீர்மாலைக் குடம் எடுத்து வந்தார்கள். அப்பாவை வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடையருகே பெஞ்சில் கிடத்தினார்கள். கலைச்செல்வன் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றான். காரியம் செய்கிற ராஜதுரை தட்டில் அரிசியைக் கொட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"பொம்பளைங்க வாய்க்கரிசி போடுறவங்க சுத்தி வாங்க. மொதல்ல மவ வரட்டும்."

வளர்மதி நகரவில்லை. திருமுருகன் அவள் முழங்கையைத் தொட்டான்.

"போ வளரு. எல்லாரும் பாக்குறாங்க."

"நான் போடல."

"என்னா சொல்ற? ஒங்கப்பாவுக்கு நீ போடாம யாரு போடுவா?"

"அதான் இன்னொருத்தி இருக்காளே" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனிடம் விளக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. பின்னாலிருந்து அத்தை ஒருத்தி தோளில் கை வைத்துத் தள்ளினாள். கால்கள் தாமாகச் சுற்றி வந்தன. ராஜதுரை அவள் கையில் அரிசியை வைத்தார்.

பெட்டிக்குள் பார்த்ததைவிட வெளியில் அப்பா கறுத்துத் தெரிந்தார். தாடையில் கட்டிய துணியையும் மீறி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வலது தோள் இப்போதும் ஏறித்தான் இருந்தது. எவ்வளவு நேராகக் கிடத்தியும் அது மட்டும் பெஞ்சில் படியவில்லை. அதைத்தான் வளர்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த அரிசியை அவளையறியாமலே விரல்கள் குவித்துப் பிடித்திருந்தன.

"அப்படி இல்ல தாயி" என்றார் ராஜதுரை. "ஊட்டுற மாதிரி வைக்கக் கூடாது. இது கடைசி அரிசி. கையத் திருப்பிப் பொறங்கையால தள்ளு."

அவள் கையைத் திருப்பவில்லை. விரல்கள் குவிந்தபடியே அப்பாவின் உதட்டருகே போயின. மேளம் ஓங்கி அடித்தது. அவள் நன்றாகக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"யாரு கைன்னு கேளு."

ராஜதுரை மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். கை திரும்பவில்லை. வரிசையில் அடுத்து நின்ற அத்தை, "போடு புள்ள, நேரமாவுதுல்ல" என்றாள்.

"கேளு" என்றாள் வளர்மதி இன்னொரு முறை.

விரலிடுக்கில் அரிசி கசிந்தது. உதட்டில் ஒன்றிரண்டு ஒட்டியது. மற்றதெல்லாம் தாடைத் துணியில் சறுக்கி மாலைக்குள் போய் விழுந்தது. கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் விரல்களைக் குவித்தபடி, அவர் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டேயிருந்தாள்.