வலிக்காத விரல்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. உடல்நலப் பக்கம் ஒன்றுக்கு, ‘நகத்தைச் சுற்றித் தோல் உரிவது ஏன்?’ என்று கட்டுரை கேட்டார்கள். தண்ணீர், சோப்பு, வறண்ட காற்று, பல்லால் கடிக்கும் பழக்கம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ‘கைகளை நெடுநேரம் ஈரத்தில் வைக்காதீர்கள்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். மாமல்லபுரத்தில் எனக்கு மீன் வெட்டித் தரும் பெண்ணின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவளிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினால் அரிவாள்மணையோடு எழுந்து வருவாள்.

அவள் பெயர் தெரியாது. பானுமதி என்று வைத்துக்கொள்கிறேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2.
‘கொக்கிலமேட்டுக் கரையில் அலைகள்…’

வேண்டாம். அலை இல்லாமல் கடலோரக் கதையைத் தொடங்கவே முடியாதா?

பானுமதி நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவிட்டு மீன் வெட்டுகிறாள். நகக்கண் ஓரம் தோல் உரிந்து நிற்கும். பல்லால் கடித்து இழுத்துத் துப்புவாள். ஒருநாள் இடக்கை ஆள்காட்டி விரலில் ஆழமாகப் பிய்ந்துவிட்டது. அதோடே வேலை பார்த்தாள். விரல் வீங்கிச் சீழ் கோத்தது. நகச்சுத்தி.

3.
கணவன் பூபாலனை முதலில் குடிகாரனாக எழுதினேன். (வில்லன் கிடைத்தால் நமக்கெல்லாம் நிம்மதி.) அடித்துவிட்டேன். அவன் நல்லவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் வலியில் துடிப்பதைப் பார்க்கமுடியாமல் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, குடைந்து, விரலில் செருகினான்.

“கயட்டாதமே. பழம் வெசத்த இஸ்துக்கும்.”

“எரியுதுய்யா.”

“எரிஞ்சா வேல செய்துன்னு அர்த்தம்.”

நம்மில் யார் இதைச் செய்யாதவர்? பழம் காய்ந்ததும் அதன்மேல் துணியைச் சுற்றினான். சில நாளில் வலி நின்றுவிட்டது.

“இன்னாமே, எப்டி கீது?”

“வலியே இல்லய்யா. சரியாப்பூச்சு.”

அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். இந்தக் கதையில் அவர்கள் சந்தோஷமாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

(அவளுக்குச் சுகர் உண்டு. முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் அவளைப் பிரியாணி சாப்பிட விட்டிருக்கமாட்டீர்கள்.)

4.
நாற்றம் வந்த பிறகுதான் பழத்தைக் கழற்றினார்கள். விரல் கறுத்திருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியால் தொட்டுப் பார்த்தார்.

“தெரியுதாம்மா?”

“இல்லீங்க.”

“ஆறினதால வலி போகலம்மா. விரல் செத்துப்போச்சு. இன்னைக்கே எடுத்துடணும். விட்டா கையே போயிடும், உயிருக்கும் ஆபத்து.”

“வலிக்கவே இல்லியே, அத்த ஏன் வெட்டணும்? வெட்டறப்ப மீனப் புடிக்கிற வெரலுங்க இது. இது இல்லாங்காட்டி எனுக்கு எவன் வேல குடுப்பான்?”

பூபாலன் சுவரைப் பார்த்தபடி, “நான்தானே கயட்டாதன்னு சொன்னேன்” என்றான்.

5.
முடிவுகள்:

அவள் சம்மதிக்கிறாள். விரல் போகிறது, அவள் பிழைக்கிறாள்.

அவள் வீட்டுக்குப் போகிறாள். பிறகு… (இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

ஏதோ ஒரு மருந்து… (வெட்டிவிட்டேன். செத்த விரல் கதையிலும் பிழைக்காது.)

என்னால் முடிந்த உதவி ஒன்றுதான். அவளுக்கு வலியைத் திருப்பிக் கொடுப்பது. வலித்தால் தானே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். ‘திடீரென்று பானுமதியின் விரலில் சுரீரென்று’ என்று எழுதினேன்.

“வலிக்கல” என்றாள்.

மறுபடி எழுதினேன்.

“வலிக்கலன்றேன்ல!”

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ் வந்து நிற்கிறது. பானுமதி படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். பூபாலன் அவள் முந்தானையைப் பிடித்திருக்கிறான். போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதைக் கேட்டுத்தானே அவளுக்கு இந்த நிலை.

நான் எழுதினால் அவளுக்கு உறைக்கவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.