சட்டையில் இருக்கிற வாசம்

கொரோனா வந்துபோன பிறகு அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. ஆனாலும் அப்பா தினமும் திருநகர் கடைத்தெருவிலிருந்து மரிக்கொழுந்து வாங்கிவந்து அவள் தலையில் வைத்துவிடுவார்.

"மணக்காததை வச்சு நான் என்ன செய்ய?" என்று சிடுசிடுப்பாள்.

"உனக்குத் தெரியலேன்னா மணம் இல்லாமப் போயிருமா, முத்துத்தாயி?" என்பார் அப்பா.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். கடைசியாக அவர் கழற்றிப்போட்ட சட்டையை அம்மா யாரையும் துவைக்க விடவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

நேற்று நான் போயிருந்தபோது அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"உங்கப்பா வாசம் இருக்கான்னு பாத்துச் சொல்லு முனீசு. எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே."

முகத்தில் வைத்து மூச்சை இழுத்தேன். அவருடைய ஜவ்வாதும் இல்லை, வியர்வையும் இல்லை. பூச்சி அரித்துவிடக் கூடாதென்று மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள். அந்த நெடி மட்டும்தான் வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொய்யும் சொல்ல வரவில்லை.

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

சட்டையை என்னிடமிருந்து பிடுங்கி, தடவித் தடவி மடித்தாள்.

"உனக்குத் தெரியலேன்னா இல்லாமப் போயிருமா?" என்றாள்.

பிறகு சட்டைப் பைக்குள் இன்னும் இரண்டு அந்துருண்டைகளைப் போட்டு பீரோவைப் பூட்டினாள்.