பொன்மணி விட்ட மூச்சு

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். காரணம் ஒரு மூச்சு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஒரு மூச்சுதான்.

பொன்மணி என் அண்ணன் கோட்டைச்சாமியின் இளைய மகள், நான் அவளுக்கு அத்தை. நாரணாபுரத்தில் எனக்கு எதிர் வீடு. திருத்தங்கலிலிருந்து மாப்பிள்ளை முனியராஜும் அவன் அம்மா பொன்னுத்தங்கமும் சொந்தக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வரவில்லை. சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்றார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே வயிற்றுவலி என்று சொல்லித்தான் நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் லீவு எடுத்திருந்தேன்.

பொன்மணி காப்பித் தட்டோடு வந்தாள். முனியராஜ் கையை நீட்டி டம்ளரை எடுத்தான். அவள் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது பாருங்கள், கரண்ட் இல்லாமல் ஃபேனும் நின்றிருந்த நேரம், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

பொன்னுத்தங்கம் டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த வயசுப் பிள்ளைக்கு எங்கன இருந்து இம்புட்டுப் பெரிய மூச்சு வருது?" என்று கேட்டாள். "தகவல் சொல்லி விடுறோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே தரகர் போன் செய்தார். பெண்ணுக்கு விருப்பம் இல்லை போலிருக்கிறதே, அவள் மனதில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்கிறார்களாம். இந்தப் பேச்சு தெருவுக்குள் வந்துவிட்டால் தீர்ந்தது. பிறகு எந்த வரனும் எங்கள் வாசலை மிதிக்காது.

அன்று சாயங்காலம் அண்ணனும் மதினி வேலுத்தாயும் நானும் அந்த மூச்சுக்கு ஒரு பெயர் வைக்க உட்கார்ந்தோம்.

"கொட்டாவினு சொல்லிருவோம்" என்றான் அண்ணன்.

"மாப்ள மூஞ்சியப் பாத்துக் கொட்டாவி விட்டான்னா நல்லாவா இருக்கு?" என்றாள் மதினி.

"அப்ப இளைப்புனு சொல்லுவோம்."

"சீக்காளிப் பொண்ணுனு நாமளே தண்டோரா போடவா?"

"ஏப்பம்?"

மதினி பார்த்த பார்வையில் அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

எங்கள் வீட்டில் மூச்சுக்குப் பஞ்சமே கிடையாது. எரிச்சல் வந்தால் 'ப்ச்'. சூடு பட்டால் 'ஸ்ஸ்'. வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தால் 'உஸ், அப்பாடா'. பக்கத்து வீட்டுக்காரி நகை வாங்கினால் 'ம்க்கும்'. ஆனால் பெருமூச்சு என்றால் ஏக்கம், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல், வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் பெருமூச்சு விட்டால் குடும்பம் விளங்காது என்று மதினி அடிக்கவே வருவாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மூச்சு விட்டவ அடுப்படியில இருக்கா. அவகிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டீகளா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அடுப்படியில் பொன்மணி தன் அக்கா செல்வலட்சுமியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளைக் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளைக்கு அச்சாபீஸில் வேலை என்றுதான் தரகர் சத்தியம் செய்தார். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவன் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் இருப்பது தெரிந்தது. அடுத்த தீபாவளிக்கு முன்னால் அந்த அறை வெடித்துவிட்டது. அவள் இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.

"நேத்து எதுக்குடி அப்படி மூச்சு விட்ட?" என்று பொன்மணியிடம் கேட்டேன்.

"இந்த மாப்ளைக்கும் பிரஸ்லதான் வேலனு சொன்னாக அத்தை. எனக்கு நம்பிக்கையில்ல. அதான் டம்ளர எடுக்கையில அவுக நகத்தப் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. மருந்தில் கை வைக்கிறவர்களுக்கு அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. என் நகத்தையே பார்த்துக்கொண்டேன், சாம்பலாக மினுங்கியது.

"நகத்துல நீல மைதான் இருந்துச்சு. அச்சு மை. தரகர் வந்துபோன நாள்ல இருந்து அடக்கி வச்சிருந்த மூச்சு, என்னை அறியாம வெளிய வந்துருச்சு."

"அப்ப மாப்ளயப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு அத்தை."

செல்வலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடமிருந்து ஒரு கேவல் வந்தது. அதற்குப் பெயர் வைக்க யாரும் உட்காரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். பெண் வீட்டுக்காரர்கள் வலியப் போவது கௌரவக் குறைச்சல் என்றான் அண்ணன். உன் கௌரவத்தை உப்புப் போட்டு ஊற வை என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பொன்னுத்தங்கம் வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. செல்வலட்சுமி கதையிலிருந்து நகம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 'ம்க்கும்' என்று கழுத்தை ஒடித்தாள்.

"நகத்தப் பாத்தாளாம், மூச்சு விட்டாளாம். நல்லாத்தான் சோடிச்சுக்கிட்டு வந்திருக்கீக."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பிள்ளைக்காக அடக்கிக்கொண்டேன். அவளும் என்னோடு பேசினாளே தவிர, கண் வாசலிலேயே இருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. "இன்னைக்கு என்ன, இன்னும் காணோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தெருமுனையில் ஒரு டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. அது வாசலில் வந்து நின்றது. பொன்னுத்தங்கத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அதே மூச்சு, அதே நீளம்.

அவள் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு உள்ளே வந்தார். "வாங்கம்மா" என்று என்னைக் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் விரல்கள் மினுங்கின. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

பொன்னுத்தங்கம் வாயில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். பேசாமல் இருப்பது எனக்கு வராத வேலை, அன்றைக்கு இருந்தேன்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து சாயங்காலமானா இதே மூச்சுதான் மதினி" என்றாள் மெதுவாக. "இதுக்குப் பயந்துதான் எம்மகன மருந்துப் பக்கமே விடாம பிரஸ்ல சேத்தேன். அந்தப் பிள்ள அதே மூச்சு விடையில எனக்கே தெரியாமப் போச்சே."

சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை பூ வைக்க வாறோம். பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க மதினி. இந்த வீட்டுல அந்த மூச்சு நான் விட்டதே போதும். அவளுக்கு அது வேண்டாம்."