பொய்க்கு ஒரு விரற்கடை

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கொட்டகையில் நின்ற இத்தாலிக் கார், தன்னைப் பற்றி யாராவது பொய் சொன்னால் ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கியது. சிமெண்ட் தரை வெடிக்கவில்லை, விரிசல்கூட விடவில்லை. பிசைந்த மாவில் கட்டைவிரல் இறங்குவதுபோல டயர்கள் இறங்கின, தரை அவற்றைச் சுற்றி மூடிக்கொண்டது. கொட்டகையைக் கட்டிய கொத்தனாரை அழைத்துக் காட்டினார்கள். அவர் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, கலவையில் குறையில்லை, வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லி, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அது ஊரில் நாலு பேர் வைத்திருக்கிற கார் அல்ல. இத்தாலியில் மொத்தமே எண்பத்து மூன்று செய்தார்கள், அதோடு கம்பெனியையும் மூடிவிட்டார்கள். இரண்டு கதவு, இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மரத்தில் செய்த ஸ்டீயரிங். ஊரைவிட்டுப் போன ஒரு பல் டாக்டரிடமிருந்து கடைக்காரர் வாங்கியபோதே அது ஓடவில்லை. நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், இவர் உள்ளே உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையாட்டிக்கொண்டே வந்தார். அடுத்த மாசம் சரி பண்ணி ஓட்டிக் காட்டுகிறேன் என்று அன்றைக்குச் சாயங்காலம் தெருவுக்கே அறிவித்தார். பன்னிரண்டு வருஷம் அதை அவர் நம்பியே சொன்னார். நம்பிச் சொன்னது பொய்யாகாது என்பதால் வண்டி அசையவில்லை. பதின்மூன்றாம் வருஷம், கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் அதே வார்த்தையைச் சொன்னபோது முதல் விரற்கடை இறங்கியது. டயரில் காற்று போய்விட்டதென்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்குள் தெருவில் அவருக்கு அடுத்தமாசம் என்றே பேர் நிலைத்துவிட்டது, தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்தார்.

அவர் மனைவி தையல்காரி. கொட்டகையைக் கார் பிடித்துக்கொண்டதால் அவள் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த நடையில் மெஷினைப் போட்டுப் பத்தொன்பது வருஷம் தைத்தாள். நீளமான துணியைத் திருப்ப வேண்டுமென்றால் சமையலறைக் கதவைத் திறந்து, மறுமுனையை அடுப்பு மேடைவரை விட வேண்டும். அப்படித் திருப்பியதில் ஒரு தடவை ஒரு கல்யாணப் பெண்ணின் பாவாடையில் குழம்பு தெறித்து, அவள் தன் கைக்காசைப் போட்டு வேறு தைத்துக் கொடுத்தாள். நல்ல கைத்திறமை உள்ளவள் என்று ஊரே சொல்லும். ஆனாலும் நடையில் உட்கார்ந்தவளுக்கு நடையளவு வேலைதான் வந்தது. பத்தொன்பதாவது வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நர்சுகளுக்கும் ஊழியர்களுக்கும் வருஷா வருஷம் சீருடை தைக்கும் வேலை அவளுக்கே. ஆனால் எட்டு மெஷின் போட இடம் இருக்கிறதா என்று நாற்பதாம் நாள் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார், இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கொட்டகைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காரை விற்றுக் கொடுக்க அவள் தம்பி வந்தான். பழைய கார் புரோக்கர். பேச ஆரம்பித்தால் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான், அதுவும் அடுத்தவர் தலையில். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே பண்ணி வைக்கிறாங்க. ஒரு கார விக்க முடியாதா அக்கா?" என்று கேட்டான். ஒரே ஓனர், டாக்டர் வண்டி, ஓட்டினதே இல்லை என்று விளம்பரம் கொடுத்தான். அதில் முதலாவது பொய், மற்ற இரண்டும் அரை உண்மை. பார்க்க வந்தவர்களிடம் இஞ்சின் பட்டு மாதிரி என்றான், ஒரு விரற்கடை. பேட்டரி போட்டால் பறக்கும் என்றான், இன்னொன்று. வந்தவர்கள் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்தில் கதவு திறக்க முடியாத ஆழத்துக்குப் போய்விட்டது. கிரேன் கொண்டுவந்து தூக்கிப் பார்த்ததில் சங்கிலி அறுந்தது, வண்டி அசையவில்லை. பொறுமை போன தையல்காரி, இது வெறும் தகர டப்பா, இதற்கு இவ்வளவு ஆட்டமா என்று கத்தினாள். அதற்கும் ஒரு விரற்கடை இறங்கியது. ஏனென்றால் அது தகர டப்பா இல்லை, அழகான வண்டி, அது அவளுக்கே தெரியும்.

தம்பிக்கு அப்போதும் புத்தி வரவில்லை. வாயால் சொன்னால்தானே பொய் என்று, துருப்பிடித்த ஓட்டையிலெல்லாம் பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தான். மறுநாள் பார்க்க வந்த ஒருவர் "புத்தம் புதுசா இருக்கே" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரே மூச்சில் ஒரு சாண் இறங்கி, முன்விளக்குகள் இரண்டும் தரையோடு தரையாக முழித்தன. வந்தவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். தையல்காரி தம்பி கையில் சுரண்டுகிற தகட்டைக் கொடுத்து, அத்தனை பட்டியையும் அவனையே சுரண்ட வைத்தாள். சாயங்காலம் கடைசி ஓட்டை வெளியே தெரிந்ததும் வண்டி இறங்கிய அந்த ஒரு சாணும் மேலே வந்தது. அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். அந்த நிமிஷமே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

அடுத்த நாலு நாள் அவள் காருக்கு அளவு எடுத்தாள். ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, ஆள்களுக்கு எழுதுகிற அதே நோட்டில், அதே மாதிரி எழுதினாள். இடது கால் வைக்கிற இடத்தில் ஓட்டை, முக்கால் சாண் நீளம், நாலு விரல் அகலம், ஓரம் பிரிந்திருக்கிறது. ரேடியேட்டர் ஓட்டையை யாரோ துணி துவைக்கிற சோப்பால் அடைத்திருக்கிறார்கள். கியர் பாக்ஸ் இந்தக் காருடையதே அல்ல, ஒரு ரொட்டி வேனுடையது. ஆக மொத்தம் பதினேழு குறை. எழுதி முடித்ததும் யாருமில்லாத கொட்டகையில் சத்தமாகப் படித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கேட்க ஆள் வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்து, புது விளம்பரம் கொடுத்தாள்: ஓடாத கார், குறைகள் பதினேழு, நேரில் சொல்லப்படும். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"குறைய சொல்லி வித்தவன் உலகத்துல எவனாவது இருக்கானா அக்கா?"

"தொப்பைய மறைச்சு அளவு எழுதினா சட்டை யாருக்குடா பத்தும்?"

முப்பத்தெட்டாம் நாள் ஒரு பெண்மணி லாரியோடு வந்தாள். பழைய கார்களைப் பிரித்து, திரும்பக் கட்டுவதுதான் அவள் தொழில். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப் பையில் டார்ச்சும், தகரமா பட்டியா என்று ஒட்டிப் பார்க்க ஒரு சின்னக் காந்தமும். போனிலேயே அவள் கேட்டது ஒரே கேள்வி: "பதினேழுதானா? நல்லாப் பாத்தீங்களா?" இப்போது பாதி புதைந்து கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லுங்க என்றாள். தையல்காரி நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றுக்கு ஒரு விரற்கடை வீதம் வண்டி ஏறியது. ஐந்தாவதில் கதவின் அடிவிளிம்பு தெரிந்தது. ரொட்டி வேன் விஷயம் வந்தபோது பெண்மணி வாய்விட்டுச் சிரித்தாள், வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பதினேழாவது குறை, இரண்டாவது கியரே கிடையாது என்பது. அதோடு நோட்டு முடிந்தது. டயர்கள் இன்னும் ஒரு விரற்கடை தரைக்குள் இருந்தன, லாரிக்காரன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. தையல்காரி நோட்டைத் திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"எல்லாம் சரி, பத்தொன்பது வருஷம் வெச்சிருந்துட்டு இப்ப ஏன் விக்கிறீங்க?" என்று பெண்மணி கேட்டாள். கேட்டது கடைக்காரரை. அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார். நேரமில்லை என்று சொல்லப் போகிறார், வண்டி பாதாளத்துக்கே போகப் போகிறது என்று பயந்து தம்பி, "மாமா, வேண்டாம்!" என்றான். அடுத்தமாசம் என்று பேர் வாங்கியவர் மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு வண்டி வேலை தெரியாதுங்க. இதுல ஒரு நட்டுகூட நான் கழட்டினதில்ல. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். இது நம்ம கொட்டகைல நிக்குதுங்கறதே எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமைக்காக இவள நடையில உக்கார வெச்சிட்டேன். அடுப்புப் பக்கத்துல குனிஞ்சு குனிஞ்சு இவ முதுகு போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்."

பத்தொன்பது வருஷக் கோபம் தையல்காரியிடம் பத்திரமாக இருந்தது, அதைக் கொட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனாலும் அவள் கண்தான் நிறைந்தது. வண்டி தரையை விட்டது. அப்புறம் நிற்கவில்லை, முழங்கால் உயரம் ஏறி, இடுப்பு உயரம் ஏறி, கொட்டகை நடுவில் அசையாமல் மிதந்தது. பெண்மணி ஸ்டூலைத் தள்ளிவிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் புகுந்தாள். "இது வசதியா இருக்கு" என்ற குரல் வந்தது. வெளியே வந்தபோது பதினெட்டாவதாக ஒரு துருவைத் தான் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். அதைக் காட்டி விலையைக் குறைப்பாள் என்று தம்பி காத்திருந்தான். அவள் குறைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் குறையை முதலில் சொல்லி விற்றது நீங்கள் ஒருவர்தான் என்று தையல்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விலை எட்டு மெஷினுக்கும் வெட்டுமேஜைக்கும் தாராளமாகப் போதும்.

லாரியில் ஏற்ற வழியில்லாததால், முன்பம்பரில் கயிறு கட்டி லாரிக்குப் பின்னால் மிதக்கவிட்டுக் கூட்டிப் போனார்கள். தெருவே வாசலுக்கு வந்து கைதட்டியது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில், ரோட்டைத் தொடாத வண்டிக்கு ரேட் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டார்களாம். நாற்பதாம் நாள் அதிகாரி வந்தபோது கொட்டகையில் எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு போடலாமே என்றார். அடுத்த வருஷம் போட்டார்கள். தம்பி புரோக்கர் வேலையை விடவில்லை, ஆனால் குறைகளை எழுதித் தருகிற புரோக்கர் என்று அவனுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பெண்மணி ஜாக்கி வைக்காமல், முதுகு வளையாமல், நின்றபடியே இரண்டரை வருஷம் வேலை பார்த்தாள். குறைகள் ஒவ்வொன்றாகத் தீரத் தீர வண்டி தானே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசிப் போல்ட்டை முடுக்கிய அன்று நாலு டயரும் தரையில் நின்றன.

அந்த வாரமே அவள் அதைக் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தாள். மெஷின் சத்தத்தையும் மீறி அதன் சத்தம் கேட்டுப் பன்னிரண்டு தையல்காரிகளும் தெருவுக்கு வந்தார்கள். பெண்மணி இறங்கி, சாவியைக் கடைக்காரரிடம் நீட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன் என்றாள். அவர் சாவியைத் தொடவில்லை. "எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க!" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பரிசு வாங்கினவர் போலச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் தையல்காரிதான் சிரித்தாள். பிறகு கையிலிருந்த கத்திரிக்கோலை அவரிடம் கொடுத்து, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் சொன்ன உண்மைக்கு வண்டி இரண்டு விரற்கடை மேலே நின்றது. பெண்மணி அது இறங்கும்வரை காத்திருந்து, கியரைப் போட்டாள்.