கண்டுகொள்ளாதிருத்தல்

குக்கர் மூடி அம்மாவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அம்மா திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கத்தி மட்டும் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இறங்கியது. மகளும் காலரின் மேல் இஸ்திரிப்பெட்டியை நகர்த்தியபடி, எதுவும் நடக்காதது போல நின்றாள். மூடியை வீசிய தம்பி மூச்சு வாங்க இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சாப்பாடு ஆறிவிட்டது என்று அவன் கத்த ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டது.

இது மகள் போட்ட திட்டம். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். பழைய புத்தகக்கடையில் வாங்கிய உளவியல் அறிமுகப் புத்தகம் ஒன்றைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தாள். நாள் முழுக்கக் கனமான பெட்டியைத் தூக்கித் தள்ளுகிற கை, தம்பி குரலை உயர்த்தினால் மட்டும் ஏன் மரத்துப்போகிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டாள். அஞ்சி உறைவதை உடம்பே முடிவு செய்கிறதாம். இத்தனை வருடம் தன்னைக் கோழை என்று திட்டிக்கொண்டவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் விட்டாளா? முதலாளி எதற்குக் கடுகடுக்கிறார், பொத்தான் தைப்பவள் எதற்கு நகம் கடிக்கிறாள் என்று எல்லார் மனசையும் அலசிக் காயப்போட்டாள். கடையில் 'டாக்டரம்மா' என்று பட்டம் கட்டினார்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சோதனை எலி வந்தது. ஒரு செயலுக்குப் பலன் கிடைத்தால் அது திரும்பத் திரும்ப வரும். பலன் நின்றுபோனால் மெல்ல அணைந்துவிடும். படித்ததும் வீடு கண்முன் வந்தது. அவன் கத்துவான், அம்மா ஓடிப்போய்ச் சூடாக்கித் தருவாள், ராஜா, கண்ணு என்று கெஞ்சுவாள். கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தது அம்மாதான். இனி அவன் கத்தினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, அமைதியாகக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாள்.

"கேட்டதக் குடுத்துட்டா அடங்கிருவான்டி," என்றாள் அம்மா. "அந்தப் புஸ்தகத்துக்கு அவனத் தெரியுமா?"

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். மகள் இவ்வளவு உறுதியாகப் பேசி அவள் பார்த்ததில்லை. முதலில் தம்பி குழம்பிப்போய் அடங்கினான். பிறகு கண்ணாடி போயிற்று. குளியலறைக் கதவு போயிற்று. ஒவ்வொன்றும் உடைய உடைய மகளின் முகம் தெளிந்தது. அணைவதற்கு முன்னால் ஒருமுறை கொழுந்துவிட்டு எரியும் என்று புத்தகத்திலேயே இருந்தது. இது நல்ல அறிகுறி என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னாள். எழுதிய மகானுபாவர் எலியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தவர். அந்த எலியின் கைக்கெட்டும் தூரத்தில் அதன் அம்மா நின்று வெங்காயம் நறுக்கவில்லை.

மூடி விழுந்து உருண்டு அடங்கியதும் தம்பி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நான் பேசறது கேக்குதா இல்லையா?"

அம்மா அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். இப்போது அழலாமா என்று கேட்கிற பார்வை. மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

அன்று மகளின் உடம்பு உறையவில்லை. ஒயர் பிடுங்கிக்கொண்டு வர, சூட்டோடு இருந்த பெட்டியை அவன் தோளில் இறக்கினாள். சட்டை கருகித் தோலோடு ஒட்டியது. விழுந்தவன் தடுக்கத் தூக்கிய கையில் இன்னொன்று. "அக்கா, வேணாம்க்கா," என்று அவன் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் அடித்தாள். முதல் அடி அம்மாவுக்காக. மற்றவை யாருக்காகவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். தம்பி பெட்டி தன் மேல் விழுந்ததாகச் சொன்னான். வீடு அமைதியானது. ஆறிய சாப்பாட்டை அவனே போட்டுத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மகள் நினைத்து நினைத்து ஏங்கிய அமைதிதான். ஆனால் குழம்பில் உப்பு தூக்கல் என்று அவள் சாதாரணமாகச் சொன்னபோது அம்மா பதறி எழுந்தாள்.

"வேற வச்சுத் தரேன் கண்ணு. கோவப்படாதம்மா."

அம்மா தன்னைக் கண்ணு என்று கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. அதன்பின் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

சாப்பிட்டுக் கை கழுவியவள், கொடியில் கிடந்த துண்டை எடுக்கக் கையைத் தூக்கினாள். அம்மாவின் மாவுக்கட்டுக் கை சட்டென முகத்தை மறைத்தது. தம்பி உட்கார்ந்தபடியே சுவரோடு நகர்ந்தான். அவள் துண்டை எடுத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இருந்தது. ஒவ்வொரு விரலாக ஈரத்தைத் துடைத்தாள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கொடியை நோக்கி மறுபடியும் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.